லங்காவியில் ஒரு மழைக்காலம்

"இந்த மாதத்திலா லங்காவிக்குப் போகிறீர்கள்?"

மலேசியாவின் வடகோடியில் இருக்கும் கோலப் பெர்லிஸ் துறைமுகத்தில், டிக்கட் கொடுத்த பெண்பிள்ளை என் மகனிடம் கேட்ட முதல் கேள்வி இது. மகன் சிரித்துக்கொண்டே எங்களுக்கு விளங்கப்படுத்தினான். பக்கத்தில் நின்ற என் மதினி உடனே சொன்னார்: "மாரியில வந்து இறங்குற வெள்ளைக்காரனிட்ட நாம கேக்கிற கேள்விதானே மகன் இது!"

எங்கள் ஊர் பொத்துவில். அறுகம் குடாவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டீர்கள். மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரையில் அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவர்களால் எங்கள் கடற்கரை நிறைந்திருக்கும். வாடைக்காற்று திரும்பி மாரி பிறந்துவிட்டால் ஒரு குருவியும் இராது. ஆட்டோக்காரர்கள் ஆட்டோவுக்குள்ளேயே உறங்குவார்கள். ஹோட்டல்காரர்கள் கதவுகளுக்குப் பெயின்ற் அடிப்பார்கள். ஆகவே, 'பருவம்' என்றால் என்ன, பருவம் தப்பினால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நாங்கள் எப்போதும் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். நாங்களே ஓரிடத்துக்கு விருந்தாளியாகப் போனது அதுதான் முதல் தடவை.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். என் இளைய மகன் கெடா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறையில் ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகும்போது "உம்மா, நீங்களும் வாங்க" என்று ஒரே பிடியாக நின்றான். என் கணவருக்கு அது பெரும்போக விதைப்பு நேரம். வயலை விட்டு அசைய முடியாது. "ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போ. அவ எங்க போனா, என்ன கண்டா?" என்றார். மதினி அவருடைய மூத்த சகோதரி. கணவனை இழந்து வருடங்கள் பல. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவர். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். மருமகன் கெஞ்சியதும் இறங்கி வந்தார்.

லங்காவி என்பது ஒரு தீவல்ல, தீவுக்கூட்டம். அந்தமான் கடலில், தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், 99 தீவுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலான சனங்கள் பெருந்தீவில்தான் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். 1987ஆம் ஆண்டு தீர்வையற்ற தீவாகப் பிரகடனம் செய்த பிறகுதான் உல்லாசப் பயணிகள் பெருகினார்கள். அப்போது பிரதமராக இருந்த மஹாதிர் முஹம்மத், 1950களில் இளம் வைத்தியராக இந்தத் தீவில் வேலை செய்தவர். 2007இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் புவியியற் பூங்காக்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. தென்கிழக்காசியாவில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் இடம் இதுதான். தீவின் மேற்குப் பக்கத்தில் நிற்கும் மச்சிஞ்சாங் மலையின் கற்கள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை என்று மகன் சொன்னான்.

அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரைதான் வெயில் காலம், கூட்டக் காலம். செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மழை. நம் நாட்டைப் போலத்தான்: ஒரு கரைக்கு மழையென்றால் மறு கரைக்கு வெயில். மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் கடல் கொந்தளிக்கும்; அப்போது மேற்குப் பக்கத்து லங்காவி தெளிந்து வரும். நாங்கள் போனது தெளிவதற்கு முந்திய மாதம்.

கப்பல் என்று சொன்னாலும், அது பஸ் வண்டியைப் போலக் கண்ணாடி மூடிய நீளப் படகு. ஒன்றேகால் மணித்தியாலப் பயணம். முந்நூறு பேருக்கு இருக்கை இருக்கும் போலிருந்தது. நாங்கள் முப்பது பேரும் இல்லை. அவர்களும் கப்பலைக் 'கப்பல்' என்றுதான் சொல்கிறார்கள். கடைக்குக் 'கெடாய்', குளத்துக்குக் 'கோலாம்'. நம்மவர்கள் எத்தனை நூற்றாண்டுகளாக அந்தக் கரைக்குப் போய்வந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் மதினி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு திக்ரு செய்தார். அந்தக் கை இடியப்ப உரல் பிழிந்து காய்த்த கை. எனக்கு ஏனோ அந்தப் பிடி கொஞ்சம் கூச்சமாக இருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

குவா துறைமுகத்தில் இறங்கியதும் சிறகு விரித்த ஒரு பெரிய கழுகுச் சிலை நிற்கிறது. 'ஹெலாங்' என்றால் கழுகு. 'காவி' என்பது செம்மண் நிறம். லங்காவி என்ற பெயரே அப்படி வந்ததாகச் சொல்கிறார்கள். காவி என்ற சொல் நமக்கும் புதிதல்லவே!

சினாங் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டில் மகன் அறை எடுத்திருந்தான். மரத்தாலான நாலு சிறு அறைகள். மேலே தகரக் கூரை. கூட்ட நாட்களில் கேட்கும் வாடகையில் பாதிதான் எங்களிடம் வாங்கினார்கள். நடத்துகிறவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மலாய் மாது. எல்லோரும் அவரை 'மக்சிக்' என்று அழைத்தார்கள். நாம் மாமி, சாச்சி என்பதைப் போன்ற ஒரு சொல். அவரும் விதவைதான். நாங்கள் போய் இறங்கியபோது தலையில் துடோங் கட்டியபடி, கூரையில் ஒழுகும் இடத்தைக் கீழே நின்று ஒரு பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஸலாம் சொல்லி, ஒரு தட்டில் பலகாரமும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். "வெயில் நாளில் வந்திருந்தால் உங்களோடு இருந்து கதைக்க எனக்கு நேரம் இருந்திராது" என்று அவர் சொன்னதை மகன் மொழிபெயர்த்தான்.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் எனக்குப் பெருத்த ஏமாற்றம். படங்களில் பார்த்த நீலக் கடலைக் காணவில்லை. கலங்கிய தண்ணீர், கரையில் சிவப்புக்கொடி. சொறிமுட்டை வரும் காலம், இறங்க வேண்டாம் என்றார்கள். தீவைச் சுற்றிக் காட்டும் படகுகள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. மச்சிஞ்சாங் மலையின் 700 மீற்றர் உயரத்துக்குக் கம்பிவடத்தில் கூண்டு போகிறது. உச்சியில் 125 மீற்றர் நீளத்தில் ஒரு வளைந்த தொங்குபாலமும் இருக்கிறது. அதைக் காணத்தான் மகன் எங்களைக் கூட்டி வந்தான். காற்றும் மின்னலும் இருந்தால் அதை ஓட்டமாட்டார்கள். நாங்கள் போனபோது மலையே மேகத்துக்குள் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்து முகிலைப் பார்த்துக்கொண்டு போகிறோமே" என்று நான் முணுமுணுத்தேன். மதினி ஒன்றும் சொல்லவில்லை. அவர் வழியிலிருந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நிறைந்த வயல், எருமைகள், அவற்றின் முதுகில் கொக்குகள். "நம்மட ஊர்தான் மச்சி" என்றார்.

மறுநாள் காலை வெளித்துவிட்டது. அங்கே மழை பெரும்பாலும் பின்னேரத்தில் கொட்டிவிட்டுக் காலையில் ஓய்ந்துவிடும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டோம். தெமுருன் நீர்வீழ்ச்சிக்குப் போனோம். தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். வெயில் காலத்தில் நூல் மாதிரி ஒழுகுமாம். அன்று இரைந்து கொட்டியது. பிறகு குவா பட்டணத்துக் கடைகள். தீர்வை இல்லாதபடியால் சொக்லேட்டும் பீங்கான் சாமான்களும் மலிவு. ஒவ்வொரு கடையிலும் 'காமாத்' எண்ணெய்ப் போத்தல்கள். என்னவென்று விசாரித்தால், நம்மூர்க் கடலட்டை! காயத்துக்கும் உழைவுக்கும் பூசுகிறார்கள். மதினி முழங்காலுக்கென்று ஒரு போத்தல் வாங்கினார். லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போனோம். பெண்களுக்கென்று விசாலமான இடம். வெளியூர்ப் பெண்களுக்காகத் தொழுகை உடைகளைத் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்து எங்கள் மனம் குளிர்ந்துபோனது.

பின்னேரம் மழை பிடித்தது. மக்சிக்கின் விறாந்தையில் உட்கார்ந்துவிட்டோம். அந்த அம்மா எங்கள் முன்னாலேயே தலையணை உறைகளைத் தைத்தார். கணக்குக் கொப்பி எழுதினார். யாரோ ஓர் ஐரோப்பியத் தம்பதிக்கு டெலிபோனில் டிசம்பர் மாதத்துக்கு அறை ஒதுக்கினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் குடையுடன் வந்து, மெத்தைகளைத் தூக்க ஒத்தாசை செய்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மதினி ஒரு கண்ணும் இமைக்காமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம், "கேட்டுப் பாருங்க மகன்... பொம்புளை தனிய இருந்து இப்பிடி அறை கொடுக்கிறதுக்கு ஊரில ஒண்டும் கதைக்கிறல்லயா எண்டு" என்றார்.

மக்சிக் சிரித்தார். "கதைத்தார்கள்தான். முதல் வருடம். பிறகு என் பக்கத்து வீட்டுக்காரி என் திண்ணையில் வந்து குந்திக்கொண்டு, யார் வருகிறார் யார் போகிறார் என்று எல்லோருக்கும் அவளே சொன்னாள். அதோடு நின்றுவிட்டது" என்றார்.

நான் எழுந்து அறைக்குள் போய்விட்டேன்.

சகோதரிகளே, மதினியிடமும் ஒரு காலத்தில் இரண்டு அறைகள் இருந்தன. கணவர் மௌத்தான பிறகு, அவர் விட்டுப்போன காசில் வளவுக்குள் கட்டிய அறைகள். பருவ காலத்தில் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார். அந்த வருமானத்தில்தான் மகளைப் படிப்பித்தார். 2012ஆம் ஆண்டு ஒருநாள் நடுச்சாமத்தில், அறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கடும் காய்ச்சல். அவளுடைய புருஷன் ஓடிவந்து மதினியின் கதவைத் தட்டினான். மதினி மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். நாங்கள் ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினோம். மதினியும் அவர்களோடு ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், விடியும்வரை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் நடுச்சாமத்தில் ஒரு வெள்ளைக்காரன் அவர் வாசலில் நின்றதை மட்டும் யாரோ கண்டிருக்கிறார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு, ஒரு கல்யாண வீட்டில் அந்தக் கதை என் காதில் விழுந்தது. பாய் விரித்து நாலைந்து பெண்கள் இருந்தோம். அவர்களில் ஒருவர், அந்த நாட்களில் என் மூத்த மகளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருந்தவர். கதையை எடுத்தவரும் அவர்தான். இரண்டே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கதை அந்தப் பாயிலேயே செத்திருக்கும். 'அது காய்ச்சல்காரி, அண்டைக்கு ஆட்டோ பிடிச்சது நாங்கதான்' என்று சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. மதினிக்குப் பரிந்து கதைத்தால் என் மகளின் காரியம் குழம்பிவிடுமோ என்று பயந்தேன். வெற்றிலைத் தட்டத்தை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தேன். அந்த மௌனத்தை அவர்கள் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டார்கள். இருக்காதா? நான் அவருடைய சொந்தமாயிற்றே!

என் மகளின் கல்யாணம் நடந்தது. மதினியின் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. அடுத்த பருவத்துக்கு மதினி அறைகளைத் திறக்கவில்லை. கதவில் பூட்டுப் போட்டுவிட்டு இடியப்ப உரலை எடுத்தார். அந்தப் பிள்ளைக்குப் பின்னர் வெளியூரில் நல்ல இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பூட்டு அப்படியே இருந்தது. பதினொரு வருடமாக நான் அந்தப் பூட்டைக் கடந்துதான் கடைக்குப் போய் வருகிறேன்.

மூன்றாம் நாளும் கடல் மூடித்தான் இருந்தது. "அப்படியானால் மஹ்சூரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் மக்சிக்.

லங்காவிக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை அது. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்னர், புக்கெட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் மகள் மஹ்சூரி. அழகி, நற்குணமுள்ளவள். கணவன் போருக்குப் போயிருந்த காலத்தில், ஊரூராகக் கதை பாடித் திரியும் ஒருவனுக்கு அவளுடைய வீட்டார் தங்க இடம் கொடுத்தார்கள். ஊர்த்தலைவனின் மனைவிக்கு அவள்மேல் ஏற்கனவே பொறாமை. அவள் கட்டிவிட்ட கதையை ஊர் நம்பியது. விசாரணை என்று ஒன்றுமில்லை. மரத்தில் கட்டிக் குத்திக் கொன்றார்கள். உடலிலிருந்து வெள்ளை இரத்தம் வந்ததாம். ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று சொல்லிவிட்டு அவள் உயிர் போனதாம். 1819ஆம் ஆண்டு என்று சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டில், அவளுடைய ஏழாம் தலைமுறைப் பிள்ளை என்று புக்கெட்டிலிருந்து ஒரு சிறுமியைக் கூட்டிவந்து தீவே திரண்டு வரவேற்றதாம்.

வெள்ளை இரத்தத்தையும் சாபத்தையும் நாம் நம்பத் தேவையில்லை. ஒரு பெண்ணின் மானத்தைப் பற்றிக் கதைப்பதானால் நான்கு சாட்சிகள் வேண்டும் என்று மார்க்கம் வகுத்திருக்கும்போது, சாட்சியே இல்லாமல் ஓர் ஊர் முழுவதும் நம்பியதே, அது ஒன்று போதாதா? அதை நம்புவதற்கு எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை.

வெயில் நாட்களில் அந்த இடத்துக்கு பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்களாம். அன்று நாங்கள் மூவர் மட்டும். வெள்ளைச் சலவைக்கல் கபுறு. சுற்றிவரப் பூமரங்கள், இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். மகன் பழைய மலாய் வீட்டைப் பார்க்கப் போய்விட்டான். மதினி குடையைப் பிடித்தபடி நீண்ட நேரம் நின்றார். கூட்டம் இருந்திருந்தால் யாராவது இடித்துத் தள்ளியிருப்பார்கள், படம் எடுத்திருப்பார்கள், நாங்களும் நகர்ந்திருப்போம். நகர்த்த அங்கே யாரும் இல்லை. "இவக்கிட்டயும் ஊர் வந்து கேக்கல்லயே மச்சி" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாடாங் மட்சிராட் என்ற இடத்தில் இறங்கினோம். 1821இல் சியாம் படைகள் கெடாவின்மேல் படையெடுத்தபோது, எதிரிகளின் கையில் சிக்கக் கூடாதென்று ஊரார் தங்கள் அரிசியைக் குவித்து எரித்த இடம் என்கிறார்கள். மஹ்சூரியின் சாபம் பலித்த முதல் அடையாளம் என்று அதையும் கதையோடு சேர்த்துவிட்டார்கள். எரிந்த அரிசி மண்ணுக்குள் இருப்பதாகவும், பெருமழை பெய்த பிறகு கறுத்த மணிகள் மேலே கிளம்பும் என்றும் அங்கிருந்த ஒரு பெரியவர் சொன்னார். கரிபோன்ற சில மணிகளைக் காட்டினார். மதினி குனிந்து பார்த்தார். "இருநூறு வருசமா மழைக்கு மழை வருதாமா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்றிரவு இடியும் மழையும். கரண்ட் நின்றுவிட்டது. மக்சிக் ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மகன் பக்கத்து அறையில். தகரக் கூரையில் மழை கொட்டியது. அந்தச் சத்தத்துக்குள் சொன்னால் சொல்லலாம் போல இருந்தது. சொன்னேன். கல்யாண வீடு, பாய், யார் யார் இருந்தார்கள், யார் என்ன கேட்டார்கள், எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லல்ல மதினி."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். வெகுநேரத்துக்குப் பின்னர் அவர் குரல் கேட்டது.

"அண்டைக்கு ராவு என்ட புள்ள உங்கட வீட்டுக்குத்தானே வந்த. உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் இவ்வளவு நாளும் நினைச்சிக்கிட்டு இருந்த, நீங்க எல்லாருக்கும் சொல்லியிருப்பீங்க, சனந்தான் நம்பல்ல எண்டு."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை வருடமும் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையையல்லவா எடுத்து எனக்குக் காட்டினார்! அன்றிரவு நான் கண்மூடவில்லை.

மறுநாள் அவர் என்னோடு அளவாகத்தான் கதைத்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கடல் மோசம் என்று கப்பல் இரண்டு மணித்தியாலம் சுணங்கியது. துறைமுகத்து வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். தப்பிப்போக வழியில்லை. கடைசியில் அவரே வாய் திறந்தார். "மன்னிப்பு எண்டு எனக்கிட்ட மட்டும் கேட்டு என்ன செய்ற? ஊருக்குப் போனா, அந்தப் பாயில இருந்தவங்கட வீட்டுக்குப் போங்க. அண்டைக்குச் சொல்லாததச் சொல்லிப்போட்டு வாங்க. அதுக்குப் பிறகு பாப்பம்."

ஊருக்கு வந்து பத்து நாள் தயங்கினேன். பிறகு போனேன். ஒருவர் மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவரைப் பொறுத்தருளட்டும். ஒருவர், "அது எப்பயோ முடிஞ்ச கதையே, இப்ப ஏன் கிண்டுற?" என்று முகத்தைச் சுளித்தார். கதை அவருக்குத்தான் முடிந்திருந்தது. இன்னொருவர், "நீங்க பேசாம இருந்தபடியாத்தான் நானும் நம்பினேன்" என்றார். கடைசியாக என் சம்பந்தியின் வீடு. வாசலில் நின்றபோது கால் நடுங்கியது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தானாகவே மதினியின் வீட்டுக்குப் போனதாக அறிந்தேன். உள்ளே இருவரும் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

2024ஆம் ஆண்டு மே மாதம் மதினி ஓர் அறையின் பூட்டைத் திறந்தார். துருப்பிடித்திருந்தது, என் கணவர்தான் அறுத்துக் கொடுத்தார். விருந்தாளிகள் இருக்கும் நாட்களில் பின்னேரமானால் நான் போய் அந்தத் திண்ணையில் குந்திக்கொள்வேன். மக்சிக்கின் பக்கத்து வீட்டுக்காரியைப் போல.

லங்காவிக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நீலக் கடலும் மலையுச்சியும்தான் வேண்டுமென்றால் டிசம்பருக்குப் பிறகு போங்கள். கூட்டமும் விலையும் கூடத்தான் இருக்கும். செலவைச் சுருக்கி, அந்த ஊர்ச் சனங்களோடு நாலு வார்த்தை கதைக்க வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் மோசமில்லை. வெளியே போகும் காரியங்களைக் காலையில் முடித்துவிடுங்கள். சிவப்புக்கொடி நின்றால் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். நீர்வீழ்ச்சிப் பாறைகளில் வழுக்கும், கவனம். கப்பல் சுணங்கினாலும் விமானம் தப்பிவிடாதபடி ஒரு நாளை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். மழை அடைத்துவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இதை எழுதிவிட்டு மதினிக்கு வாசித்துக் காட்டினேன். பெயர்கள் இல்லாமல் போடலாம் என்றார். "மன்னிச்சிட்டீங்களா மதினி?" என்று கேட்டேன். "முதல்ல தேத்தண்ணிய குடிங்க" என்றார்.

போன மாரியில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி பருவம் தெரியாமல் எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் பூட்டிவிட்ட நேரம். மதினி அறையைத் திறந்து கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "மச்சி, இவங்களுக்கு இங்கிலீசில சொல்லுங்க, கடலுக்கு இறங்க ஏலா எண்டு. பரவால்ல, இருக்கட்டும். இடியப்பம் இரிக்கி, மழையும் இரிக்கி எண்டு சொல்லுங்க."

சொன்னேன்.